இரண்டாம் வேற்றுமை – அத்தியாயம் 14: கவரைக் கழற்றியது யார்?

வைஷாலி ஒரு சொல் தவறினால் போதும். ஜெனிட்டா காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தாள்.

மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றின் கூட்ட அறை அது. கண்ணாடிக்கு அப்பால் கடல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே நீள மேசையின் ஒரு பக்கம் ஜப்பானியக் கம்பெனிக்காரர்கள். செங்கல்பட்டுக்கு வெளியே அவர்களுடைய உதிரிபாகத் தொழிற்சாலை இருக்கிறது. எதிர்ப் பக்கம், அந்தத் தொழிற்சாலைக்கு அட்டைப்பெட்டி செய்து அனுப்பும் கூடுவாஞ்சேரி ரமேஷ். நடுவில் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் வைஷாலி. இரண்டு பக்கப் பேச்சையும் அவள் ஒருத்திதான் சுமந்தாள்.

"நம்ம பக்கமும் ஜப்பான் மொழி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கணும் சார்" என்று ரமேஷிடம் சொல்லிச் சொல்லி இந்த நாற்காலியைப் பிடித்தவள் ஜெனிட்டா. எதற்காக என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

அண்ணன் ஜான்சன் இதே தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டினான். மூன்று வருடங்களுக்கு முன் அந்த மெஷின் அவன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. பாதுகாப்புக் கவர் தானாகக் கழன்று கிடந்ததால் வந்த வினை என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஜப்பானிய அதிகாரிகள் நடத்திய விசாரணையில் அது வேறாக முடிந்தது. ஜான்சனே கவரைக் கழற்றினான், விதியை மீறினான் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பினார்கள். இப்போது அடுக்குமாடி ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறான்.

"கவர் கழண்டு கெடந்துச்சுன்னுதான் நான் சாட்சி சொன்னேன். மொழிபெயர்த்த பொண்ணு ஒரு எழுத்தை மாத்திட்டா" என்று அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டவர் பூபாலன் மாமா. அம்மா செங்கம்மாளின் தம்பி. ஜான்சன் வேலை செய்த லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கை போன பையனுக்குத் தன் மகள் பிரிசில்லாவையே கொடுக்க முன்வந்த மனிதர். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் நிச்சயம்.

மாமா சொன்ன அந்த ஓர் எழுத்தைத் தேடித்தான் ஜெனிட்டா ஜப்பான் மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்கள் வழுக்கி விழுந்த இடத்தில் அவள் தமிழைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டுகிற சின்னச் சின்ன உருபுகள்தான் அந்த மொழிக்கு உயிர். 'நி' என்றால் நம்முடைய 'கு'. 'நோ' என்றால் 'உடைய'. 'மோ' என்றால் 'உம்'. 'ஓ' என்றால் 'ஐ'. 'கா' மட்டும் முரண்டு பிடித்தது. செய்தது யார், ஆனது எது என்று அது விரலை நீட்டிக் காட்டும். சில இடங்களில் நாம் 'தான்' போட்டு அழுத்துவதைப் போல அழுத்தவும் செய்யும்.

ஒரு நாள் தேடியது கிடைத்தது. 'கபா கா ஹஸுரேதே இமாஷிதா.' கவர் கழன்றிருந்தது. 'கபா ஓ ஹஸுஷிமாஷிதா.' கவரைக் கழற்றினார். 'கா' போய் 'ஓ' வந்து, வினைச்சொல் கொஞ்சம் திரும்பினால் போதும். இரும்பு செய்த குற்றம் மனிதன் செய்த குற்றமாகிவிடும்.

'இந்த எழுத்தை வைத்தே உன் கதையை முடிக்கிறேன்' என்று அன்றைக்கு அவள் கறுவிக்கொண்டாள். அதுவரை வைஷாலியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். களைத்த, நல்ல முகம். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ரமேஷ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "லோடு லேட்டானதுக்கு நாங்களும் ஒரு காரணம் சார். உங்க டிசைனும் கடைசி நேரத்துல மாறிடுச்சில்ல?"

வைஷாலி காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை. கேட்ட வேகத்திலேயே சொன்னாள். "கொச்சிரா கா கெனின் தெஸ்..."

ஜெனிட்டாவின் முதுகு நிமிர்ந்தது.

"மன்னிக்க வேண்டும்" என்று ஜப்பானிய மொழியில் குறுக்கே புகுந்தாள். "'கா' இல்லை, 'மோ'. 'நாங்கள்தான் காரணம்' என்று இவர் சொல்லவில்லை. 'நாங்களும்' என்றார். மொத்தப் பழியையும் இவர் தலையில் போட்டுவிட்டீர்கள்."

வைஷாலி திடுக்கிட்டாள். யோசித்தாள். உடனே தலை தாழ்த்தினாள். "உண்மைதான். என் தவறு." திருத்திச் சொன்னாள். ஒஸாகாவிலிருந்து வந்திருந்த இயக்குநர் பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுவதற்காகவா இத்தனை நாள் படித்தாள்?

"இவருக்கு இது முதல் முறை இல்லை" என்றாள் ஜெனிட்டா. குரல் நடுங்கவில்லை; வீட்டில் கண்ணாடி முன்னால் எத்தனையோ முறை பேசிப் பார்த்த வாக்கியம். "உங்கள் பிரஸ் பிரிவில் ஒரு தொழிலாளி விரல்களை இழந்தார். அந்த விசாரணையில் 'கா' வர வேண்டிய இடத்தில் இவர் 'ஓ' போட்டார். கழன்று கிடந்த கவர், கழற்றிய கவர் ஆனது. அந்தத் தொழிலாளிக்கு வேலை போனது. அவர் என் அண்ணன்."

அறையில் பேனாக்கள் நின்றன. இயக்குநர் வைஷாலி பக்கம் திரும்பினார்.

"உண்மையா?"

வைஷாலி முதல் முறையாக ஜெனிட்டாவை முழுதாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேறு எதையோ சொன்னாள். "விசாரணையில் பேசியதை வெளியார் முன்னால் நான் பேசக்கூடாது."

அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மீதிப் பேச்சு நாளைக் காலைக்குத் தள்ளிப் போனது. நாளைக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வருவார் என்றார்கள்.

வைஷாலி தன் பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

ஜெனிட்டாவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஜான்சன் கட்டுப்போட்ட கையோடு வீடு வந்த நாள் நினைவுக்கு வந்தது. 'உனக்காகத்தாண்ணா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த இனிப்பு சாப்பாட்டு நேரம் வரைகூடத் தங்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்றவளை நோக்கி நரைத்த தலை ஜப்பானியர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். மொரிதா. தொழிற்சாலையின் பழைய பொறியாளர். செங்கல்பட்டில் வெகுகாலம் குடியிருந்தவர். அப்போதுதான் விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தார். இவள் ஜான்சனின் தங்கை என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள்; காலையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"நீங்க ஜான்சன் சான் தங்கச்சி என்று சொன்னாங்க" என்றார் தமிழில், பெயரோடு 'சான்' என்ற ஜப்பானிய மரியாதையையும் ஒட்டி. "நல்ல தொழிலாளி. அந்த விபத்து எனக்கு ரொம்பத் துக்கம்."

"தமிழ் நல்லா பேசறீங்க சார்."

"அந்த விசாரணை அன்றைக்குத்தான் எனக்குத் தமிழ் புரிய ஆரம்பிச்சது." மொரிதாவின் முகம் மலர்ந்தது. "அதுக்கு முன்னால் ஒரே சத்தம். தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அன்றைக்கு நான் உள்ளே உட்கார்ந்திருக்கேன். சூப்பர்வைசர் பேசறார். 'ஜான்சன்தான் கவரைக் கழட்டினான்.' ஜான்சன் எனக்குத் தெரியும். கவர் தெரியும், எங்க ஊரிலும் கபாதான். ஆனால் கவர் இல்லை, கவர்-ஐ. கபா-ஓ! அடடா, எங்க 'ஓ' இங்கே 'ஐ' என்று வந்து உட்கார்ந்திருக்கு! எனக்குக் கதவு திறந்த வாக்கியம் அது. சாகும் வரை மறக்க மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "மன்னிக்கணும். உங்களுக்கு அது சந்தோஷமான வாக்கியம் இல்லை."

ஜெனிட்டாவின் கையில் தட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. "சூப்பர்வைசர்னா... பூபாலனா?"

"பூபாலன் சான்தான். வைஷாலி சான் உடனே மொழிபெயர்க்கலை. 'கழன்றதா, கழற்றினானா, சரியாச் சொல்லுங்க' என்று திருப்பிக் கேட்டாங்க. அவர் 'கழட்டினான்' என்று மறுபடி சொன்னார்."

அவள் தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விடுதியின் கார் நிறுத்துமிடத்தில், புங்க மர நிழலில், அணுபுரம் போகும் வண்டிக்காக வைஷாலி காத்திருந்தாள். ஜெனிட்டா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"எங்க மாமா சொன்னதைத்தான் நீங்க சொன்னீங்களா?"

"இப்பதான் கேக்கத் தோணுதா?"

"உள்ளயே சொல்லியிருக்கலாமே! ஏன் சும்மா இருந்தீங்க?"

"காதுல கேட்டதை வாயால சொல்றதுதான் என் வேலை. விசாரணையில நடந்ததை வெளியில சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். நான் பேசினா அடுத்த விசாரணையில யார் என்னை நம்பி வாயைத் திறப்பாங்க?" வைஷாலியின் குரல் சீராக இருந்தது. கண்ணோரம் மட்டும் சிவந்திருந்தது. "காலையில 'மோ'வை விட்டது என் தப்பு. அதை ஒத்துக்கிட்டேன். மத்தது என் தப்பு இல்ல."

"மன்னிச்சிடுங்க."

"வேண்டாம். என்னை அசிங்கப்படுத்தினது ஜப்பான் மொழியில, அத்தனை பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் தமிழ்ல, கார் பார்க்கிங்லயா?"

வண்டி வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த ஜெனிட்டாவுக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. அழுகை வரவில்லை. அழுகைக்குப் பதிலாக மாமாவின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி எடுத்து வந்த முகம். ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்ட முகம். 'அந்தப் பொண்ணு நல்லாவே இருக்க மாட்டா ஜெனி' என்று சாபம் விட்ட அதே முகம். மூன்று வருடமாக வளர்த்த கோபம் உருவிய கத்திபோல் கையில் இருந்தது. குத்த வேண்டிய ஆள் மட்டும் மாறியிருந்தார்.

வீட்டு வாசலில் மாமாவின் பைக் நின்றது.

உள்ளே ஜான்சன் புது கோட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நிச்சயத்துக்கென்று மாமா தைத்துக் கொண்டுவந்தது. அவன் விரல்களுக்குப் பித்தான் பிடிபடாது. செங்கம்மாள் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா ஜெனி!" பூபாலன் நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். "பாரு, உங்கண்ணன் அசல் மாப்ள கணக்கா கீறானா?"

"மாமா, அன்னிக்கு விசாரணைல நீ இன்னா சொன்ன?"

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? நல்ல நாளும் அதுவுமா..."

"சொல்லு."

"கவர் கழண்டு கெடந்துச்சுன்னு சொன்னேன். ஊருக்கே தெரியுமே. அந்தப் பொண்ணுதான்..."

"அந்தப் பொண்ணு உன்னைத் திருப்பிக் கேட்டா மாமா. கழண்டுச்சா, கழட்டுனானான்னு. ரெண்டு தபா நீ 'கழட்டுனான்'னு சொன்ன. பக்கத்துல ஒக்காந்துகினு இருந்த ஜப்பான்காரருக்கு நீ பேசுனது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் கீது. இன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு."

பூபாலன் ஜான்சனைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத் தொடர்ந்து ஜெனிட்டாவும் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"வுடு ஜெனி" என்றான் ஜான்சன். "கழட்டுனது நான்தான்."

செங்கம்மாளின் கை பித்தானிலேயே நின்றது.

"கவரை மாட்டிக்கினு ஓட்டுனா மெஷின் நின்னு நின்னு ஓடும். ஷிப்டு டார்கெட் வராது. மாமா கழட்டச் சொன்னாரு. கழட்டினேன்."

"லைன் நின்னா என்னைத் தூக்கிடுவானுங்க யக்கா" என்றார் பூபாலன். குரல் உடைந்திருந்தது. "நான் சொல்லித்தான் கழட்டுனான்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். ஒருத்தனாவது மிஞ்சணுமேன்னு ஆஸ்பத்திரில இவன் கால்ல வுழுந்தேன். என் பேரை எடுக்காத மாப்ளன்னு கெஞ்சுனேன்."

"நான் சரின்னேன்" என்றான் ஜான்சன். "பிரிசில்லாவோட அப்பா ஜெனி. நான் இன்னா பண்ணுவேன்?"

"அப்போ வைஷாலி? அவளை எதுக்கு இழுத்தீங்க?"

"அம்மா கேட்டுகினே இருந்தாங்க, யாரால போச்சு, யாரால போச்சுன்னு. யாரையாவது சொல்லணுமே. அவ யாரோ ஒருத்தி. நம்ம வூட்டுப் பக்கம் வரவே போறதில்ல" என்றான் ஜான்சன்.

ஜெனிட்டா அண்ணனை நெருங்கினாள். "தெனம் அவளைத் திட்டுனேனே. அவளைப் பழி வாங்கத்தான் படிக்கறேன்னு உன்கிட்டதானே சொன்னேன்! ஒவ்வொரு பரீட்சைக்கும் நீதானே ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஏத்திவுட்ட? கேட்டுகினுதானே இருந்த?"

ஜான்சன் கோட்டுப் பித்தானைக் கழற்றப் பார்த்தான். முடியவில்லை.

"கோவத்துலயாவது நீ படிச்சு மேல வந்துருவன்னு பார்த்தேன்" என்றான்.

"இன்னிக்கு அவ பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்து நிக்கறேண்ணா. எல்லார் முன்னாடியும். ஒரு தப்பும் பண்ணாதவளை."

செங்கம்மாள்தான் முதலில் அசைந்தாள். தான் போட்டுவிட்ட பித்தான்களைக் கழற்றினாள். மகன் தோளிலிருந்து கோட்டை உருவி மடித்து, தம்பியின் மடியில் வைத்தாள்.

"எழுந்திரு பூபாலா."

"யக்கா..."

"என் புள்ள கை போனதுக்கு நீதான் காரணம். மூணு வருஷமா இந்த வூட்ல ஒக்காந்து சோறு தின்னுகினு, யாரோ ஒரு பொண்ணுக்கு என் வாயால சாபம் குடுக்க வெச்சியே. எழுந்திரு."

"அம்மா, பிரிசில்லா இன்னா பண்ணா?" என்று கேட்டான் ஜான்சன்.

ஜெனிட்டா போனை எடுத்தாள். மதியம் மொரிதா கொடுத்த கார்டில் இருந்த எண். மணி அடித்ததும் அவர் எடுத்துவிட்டார்.

அவள் ஜப்பானிய மொழியில் பேசினாள். நிதானமாக, ஒவ்வோர் உருபையும் அதனதன் இடத்தில் வைத்துப் பேசினாள்.

"ஓஜி கா, அனி நி, கபா ஓ ஹஸுசாசெமாஷிதா."

மாமாதான், அண்ணனைக் கொண்டு, கவரைக் கழற்ற வைத்தார்.

வீட்டில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனால் 'கபா' என்ற சொல் பூபாலன் காதில் விழுந்தது. தொழிற்சாலையில் தினமும் கேட்கிற சொல். எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெனி, வேணாண்டி. உன் கால்ல வுழறேன்..."

"ஏற்கெனவே ஒரு தபா வுழுந்துட்ட மாமா. அதுல வந்ததுதான் இதெல்லாம்."

அவள் போனில் தொடர்ந்தாள். காலையில் வைஷாலியைப் பற்றித் தான் சொன்னது பொய் என்றாள். நாளைக்கு அதே மேசையில், அதே மொழியில், அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து அதைச் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

மறுமுனையில் மொரிதா தமிழுக்கு மாறினார். ஜெனிட்டா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஜெனிட்டா சான், நீங்க சொன்னா, தங்கச்சி சொன்னது என்று ஒதுக்கிடுவாங்க. விரலை இழந்தவர் சொல்லணும். ஜான்சன் சான் நாளைக்கு வந்து சொல்வாரா?"

பூபாலன் இரண்டு கையையும் கூப்பினார். "மாப்ள... பிரிசில்லா மூஞ்சிய நெனைச்சுப் பாரு மாப்ள."

செங்கம்மாள் மகனைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜெனிட்டா போனை நீட்டியபடி நின்றாள். அண்ணன் மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவன் மறுத்தால் தனியாகவே போவது என்று முடிவு செய்திருந்தாள்.

ஜான்சன் மாமாவைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். இடது கையால் போனை வாங்கிக்கொண்டான்.

"சார்" என்றான். "ஜான்சன் பேசறேன்."